ஒரு சக்கர நாற்காலிக்கு நான்கு வாசல்கள்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குத் தேவைப்படும் நாற்காலி வேறு, ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கும் மடக்கு நாற்காலி வேறு. தலைக்குத் தாங்கல், இரு விலாவையும் அணைக்கும் மெத்தை, மார்புப் பட்டை, தொடைகள் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து வைக்கும் முட்டு, பாதத்துக்கு வார் என்று உடம்புக்கு அளவெடுத்துப் பொருத்த வேண்டிய சாதனம் அது. அதற்குப் பணம் தேடிக் கிளம்பும் பெற்றோருக்குத் தமிழ்நாட்டில் நான்கு வாசல்கள் இருக்கின்றன: அரசு, சேவைச் சங்கங்களும் அறக்கட்டளைகளும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, இணையத்தில் பொதுமக்களிடம் திரட்டுவது.

எந்த வாசலில் அதிகம் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அளவுகோல் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டி, இந்த வேலையை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. பரிந்துரைத்து அனுப்புதல், அளவெடுத்து மதிப்பிடுதல், எந்த நாற்காலி என்று முடிவுசெய்தல், பிறகு நிதியும் ஆர்டரும், தயார்செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி, கடைசியாகப் பராமரிப்பு. பணம் வருவது நான்காவது படியில். மற்ற ஏழில் எத்தனையை ஒரு கொடையாளர் தொடுகிறார் என்று பாருங்கள்.

இந்தக் கணக்கில் மிகவும் பின்தங்குவது, மனமுவந்து சீக்கிரம் கொடுக்கும் சேவைச் சங்கங்கள்தான். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, நல்ல மனிதர்கள். ஆனால் கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு வழங்கும் நாற்காலிகள் மொத்தமாக வாங்கியவை. பெரியவர்களுக்கான வழக்கமான இருக்கை அகலம் 18 அங்குலம். ஆறு வயதுப் பிள்ளை அதில் ஒரு மூலையில் சரிந்துகிடக்கும். அகலத்தைவிட ஆழம் இன்னும் மோசம் செய்யும். இருக்கை இரண்டு அங்குலம் கூடுதலாக நீண்டுவிட்டால், அதன் விளிம்பு முழங்காலின் பின்புறம் இடிக்கிறது. குழந்தை இடுப்பை முன்னே தள்ளி வழுக்கிக்கொண்டு வருகிறது, முதுகு கூனுகிறது, தலை பின்னால் சாய்கிறது. அந்த நிலையில் சோறூட்டினால் புரையேறும். வீட்டில் இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா பிள்ளையைப் பழையபடி மடியில் எடுத்துக்கொள்வார். நாற்காலியில் துணி காயும்.

அரசு வாசல் மெதுவாகத்தான் திறக்கும், ஆனால் ஒரு விஷயத்தில் அதை எந்த அறக்கட்டளையும் மிஞ்சியதாக நான் பார்த்ததில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசுத் திட்டமான ஏடிஐபி 1981 முதல் நடக்கிறது. கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் உபகரணங்களைத் தயாரித்துத் தருகிறது. குறைந்தது 40 சதவீத ஊனத்துக்கான சான்று வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழுச் செலவு, 30,000 வரை பாதி. பெரியவர்கள் அதே உபகரணத்தை மறுபடி கேட்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு ஓராண்டு போதும். பிள்ளை வளரும் என்பதை விதியிலேயே எழுதிவைத்த கொடையாளர், எனக்குத் தெரிந்து, அரசு ஒன்றுதான். அதே விதியில் ஒரு கண்ணியும் உண்டு: தொண்டு நிறுவனத்திடமிருந்து அதே உதவியைப் பெற்றிருந்தாலும் அந்தக் கால வரம்பு பொருந்தும். மண்டபத்தில் வாங்கிய பொருந்தாத நாற்காலி, பொருந்தும் நாற்காலியைத் தள்ளிப்போடலாம். இந்தத் திட்டத்துக்காக நடத்தும் முகாமில் அளவெடுப்பது அவசரமாக நடக்கும் என்பதும் உண்மை. பிள்ளையைத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் எழுதிய அளவுக் குறிப்பைக் கையோடு கொண்டுபோனால் பாதித் தொல்லை குறையும்.

நிறுவன நிதியின் போக்கு வேறு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அமைப்புகள் வழியாகச் செலவிட்டால் அவை 2021 ஏப்ரல் முதல் அரசிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். எனவே தனி ஒரு பெற்றோர் மனு எழுதிப் பயனில்லை. சிறப்புப் பள்ளியோ மறுவாழ்வு மையமோ கேட்க வேண்டும். மார்ச் 31 நெருங்கும்போது செலவாகாத பணத்துக்கு வழி தேடுவார்கள். தயாராகப் பட்டியலும் கொட்டேஷனும் வைத்திருக்கும் மையத்துக்கு அப்போது அதிர்ஷ்டம்.

இணைய நிதி திரட்டலை நான் கடைசியில் வைப்பேன். பணம் வேகமாக வரலாம். ஆனால் அதற்கு விலையாகக் குழந்தையின் படம், நோயின் விவரம், வீட்டின் வறுமை எல்லாம் நிரந்தரமாக இணையத்தில் கிடக்கும். அந்தப் பிள்ளை ஒரு நாள் பத்தாம் வகுப்புப் படிக்கும், அதன் நண்பர்களும் தேடிப் பார்ப்பார்கள். நாற்காலிக்கு மட்டுமல்ல, காது கேளாத குழந்தைக்கு அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவிக்கும் இப்படித் திரட்டுகிறார்கள். அதற்கு இப்படி இறங்குவது பெரும்பாலும் தேவையற்றது: ஏடிஐபி 2014 திருத்தத்திலேயே ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை அனுமதித்தது, சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது. கையைக் கடிப்பது அதற்குப் பிறகு வரும் பேட்டரி, அறுந்துபோகும் கேபிள், பழையதாகும் வெளிக் கருவி, ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. முதல் முறை உருகிய ஊர், கேபிளுக்கு உருகாது.

இணையத்துக்கு ஒரு விலக்கு உண்டு. பேச முடியாத பிள்ளைகள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் ‘ஆவாஸ்’ போன்ற செயலிகள் (அது சென்னையில் உருவானதுதான்) டேப்லெட்டில் ஓடுபவை. டேப்லெட் என்றதும் விளையாட்டுச் சாமான் என்று முகம் சுளிக்கும் கொடையாளர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே தெரிந்தவர் வட்டத்துக்குள், படம் போடாமல், சிறு தொகை திரட்டுவது நல்ல வழி.

என்னைக் கேட்டால் வரிசை இது: முதலில் சிகிச்சையாளர்கள் இருக்கும் மையம். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சென்னையின் வித்யாசாகர் போன்றவை அளவெடுப்பதிலிருந்து ஆரம்பிப்பவை. அந்த அளவுக் குறிப்போடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அரசுப் பட்டியலில் இல்லாத பாகங்களுக்கு மட்டும் சேவைச் சங்கம். அவர்களிடம் நாற்காலி கேட்காதீர்கள், மையம் தரும் பில்லைக் கட்டச் சொல்லுங்கள். அந்தக் கொட்டேஷனில் இரண்டாண்டுப் பழுதுபார்ப்பையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதை மட்டும் அடித்துவிட்டுக் காசோலை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கேட்டதும் சம்மதிப்பவர்களும் இருக்கிறார்கள்.