உஷைகிரும் ‘உலகின் விளிம்பும்’ ஒரே நாளில்: ரியாத்திலிருந்து ஒரு வழிகாட்டிச் சுற்றுலா

ரியாத்திலிருந்து காலையில் கிளம்பி, உஷைகிர் என்னும் பழைய மண்வீட்டு ஊரையும், ‘உலகின் விளிம்பு’ என்று பெயர் பெற்ற ஜபல் ஃபிஹ்ரைன் பாறை முகடுகளையும் ஒரே நாளில் காட்டி அழைத்துவரும் சுற்றுலாக்களைப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன. அவற்றுள் ஒன்றில் குடும்பத்தோடு வெள்ளிக்கிழமையன்று சென்றுவந்தோம். கொடுத்த பணம் வீண்போகவில்லை என்றாலும், இரண்டு இடங்களையும் ஒரே பகலுக்குள் அடக்குவதற்காக உஷைகிருக்கு உரிய நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்ற மனக்குறை எனக்கு உண்டு.

உஷைகிர், ரியாத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், ஷக்ரா நகரை ஒட்டி இருக்கிறது. அரேபியாவின் நடுப்பகுதியான நஜ்து வழியாக மக்காவுக்குப் போன ஹஜ் பயணிகள், இங்கிருந்த கிணறுகளையும் பேரீச்சந்தோப்புகளையும் நம்பித் தங்கிப் போயிருக்கிறார்கள். பாதி இடிந்த ஒரு வீட்டின் முன் எங்களை நிறுத்திய வழிகாட்டி, பூச்சு உதிர்ந்த இடத்தில் மண்ணோடு குழைத்த வைக்கோல் துணுக்குகள் நீட்டிக்கொண்டிருப்பதையும், கூரையில் மர உத்தரம், அதன்மேல் பேரீச்ச மட்டை, அதற்கும் மேல் மண் என்று அடுக்கியிருக்கும் முறையையும் காட்டினார். சுவரின் மேற்பகுதியில் வரிசையாக விட்டிருக்கும் முக்கோணத் துளைகள் வெறும் அலங்காரம் அல்ல. வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும், வீட்டில் இருப்பவர்களோ தெருவில் போகிறவர் கண்ணில் பட மாட்டார்கள். இவ்வளவு தெளிவாக விளக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, ஊரைச் சுற்ற ஒரு மணி நேரம்கூட ஒதுக்காதது என்ன கணக்கோ தெரியவில்லை. போதாக்குறைக்கு, அங்குள்ள தனியார் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை நண்பகலில் நடக்கும் ஜும்ஆ தொழுகை முடியும்வரை பூட்டியிருந்தது. திறப்பதற்குள் எங்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இப்படித்தான் இருக்கும் என்பதை முன்பதிவின்போதே சொல்லியிருக்கலாம்.

மதிய உணவாகக் கிடைத்த கோழிக் கப்சா (மசாலா சேர்த்த அரபுச் சோறு) சுமார்தான்.

பாறை முகட்டுக்குப் போகும் வழியில் கடைசி 20, 30 கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை கிடையாது. ஓட்டுநர் இறங்கி, நான்கு டயர்களிலும் காற்றைக் குறைத்துவிட்டு, வேலமரங்கள் நிற்கும் வறண்ட ஓடைப் படுகையில் வண்டியை இறக்கினார். முகட்டில் கைப்பிடிச் சுவரோ கம்பி வேலியோ இல்லை. சுமார் 300 மீட்டர் ஆழத்துக்குப் பாறை செங்குத்தாக இறங்குகிறது, காற்றும் ஆளைத் தள்ளுகிறது. எனவே சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோர் பிடித்த கையை விடக் கூடாது. கீழே கண்ணுக்கெட்டும்வரை விரியும் சமவெளியில், என்றோ ஓடிய நீரின் தடங்கள் கோடு கோடாகத் தெரிகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் துவைக் மலைச்சரிவின் ஒரு துண்டுதான் இது. ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் ஆகையால், காலடியில் கிடக்கும் கற்களில் சிப்பிகளின் அச்சைப் பார்க்கலாம். என் மகள் ஒன்றைப் பையில் போடப் போனபோது, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லி வழிகாட்டி தடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. முகடு மேற்கு நோக்கியிருப்பதால் சூரியன் மறையும்வரை காத்திருந்தோம். கஹ்வா என்னும் அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார்கள்.

இருட்டிய பிறகு, பெயர்ப்பலகையும் கைப்பேசி சிக்னலும் இல்லாத அந்தப் படுகையில் திரும்பி வந்தபோதுதான், கட்டணத்தின் பெரும்பகுதி எதற்கு என்பது விளங்கியது. மழை பெய்தால் ஓடையில் திடீர் வெள்ளம் வரும் என்பதால், அத்தகைய நாளில் பயணத்தை ரத்து செய்தால் வாதாடாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது; முகட்டில் நிழலும் கிடையாது, கடையும் கிடையாது. சொந்தக் கார் உள்ளவர்கள், கடைசிவரை நல்ல சாலை இருக்கும் உஷைகிருக்கு வெள்ளியல்லாத வேறொரு நாளில் தாங்களாகவே போய் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, வழிகாட்டிக்கான பணத்தை முகட்டுக்கு மட்டும் செலவிடலாம்.