அம்மாவின் பல்செட்: ஒரு யாங்கோன் அனுபவம்

மியான்மரின் யாங்கோன் நகர மையத்திலுள்ள ஒரு பல் மருத்துவமனையில் அம்மா பல்செட் கட்டிக்கொண்டார். அச்செடுக்கும் தட்டு மேலண்ணத்தைத் தொட்டதுமே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மருத்துவர் பதறாமல் நாற்காலியை நிமிர்த்தி, தலையைச் சற்று முன்னால் குனியச் செய்து, மூக்கால் மூச்சுவிடச் சொல்லி, கீழ்த்தாடை அச்சை முதலில் எடுத்த பிறகே மேலே போனார். தட்டின் பின்பகுதியில் அச்சுமாவைக் குறைத்து வைத்ததும் பாராட்டத்தக்கது.

குறையும் உண்டு. மேல்செட்டைப் போலக் கீழ்செட்டு ஒட்டிப் பிடிக்காது என்பதையும், பல் பிடுங்கிய இடத்து எலும்பு மாதக்கணக்கில் தேய்வதால் செட்டு பின்னர் தளரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். முதல் நாளே தேயிலைச் சாலட்டில் கிடந்த வறுத்த பருப்பைக் கடித்துப் பார்த்த அம்மா (யார் தடுத்தாலும் கேட்கமாட்டார்) நொந்துபோனார். பல் ஈறைப் புண்ணாக்கிய செட்டின் விளிம்பை மட்டும் மறுநாளே கட்டணமின்றித் தேய்த்துக் கொடுத்தார்கள்.