டூபேஜ் கவுன்ட்டி வரலாற்றுப் புத்தகங்களோடு ஏழு வருடம்

வீடு வாங்கிய வருடம் பத்திர நகல் ஒன்று தேவைப்பட்டது. நாங்கள் இருப்பது நேப்பர்வில். சிகாகோவுக்கு மேற்கே, நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஊர். நகலுக்கு வீட்டன் போகச் சொன்னார்கள். மக்கள்தொகையில் நேப்பர்வில்லில் பாதிகூட இல்லாத ஊர் அது. ஆனால் டூபேஜ் கவுன்ட்டியின், அதாவது எங்கள் மாவட்டத்தின், கோர்ட், பத்திரப்பதிவு எல்லாம் அங்கேதான். பெரிய ஊர் இங்கே இருக்க, சின்ன ஊர் எப்படித் தலைநகரானது? அந்தக் கேள்வியோடு நூலகத்தில் நுழைந்தவன் இன்னும் வெளியே வரவில்லை. இப்போது என் அலமாரியில் உள்ளூர் வரலாறு மட்டும் ஒன்றரைத் தட்டு.

முதலில் வாங்கியது 'இமேஜஸ் ஆஃப் அமெரிக்கா' வரிசைப் படப் புத்தகம். ஆர்க்கேடியா பதிப்பகத்தின் பழுப்பு அட்டைப் புத்தகங்களை அமெரிக்காவில் இருப்பவர்கள் மருந்துக்கடையில்கூடப் பார்த்திருப்பீர்கள். ஊர் பெரிதோ சிறிதோ, வழக்கமாக 128 பக்கம்தான். பக்கத்துக்கு ஒன்றிரண்டு பழைய படம், அடியில் நாலு வரி. எழுதுவது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். உட்கார்ந்து வாசித்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும், ஏமாற்றமாகவும் இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால்தான் அதன் அருமை தெரியும். ஜெஃபர்சன் அவென்யூவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் நின்று படத்தையும் கட்டடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் ஒன்றும் பிடிபடவில்லை, கடைக்குக் கடை கண்ணாடியும் பலகையும் மாறிவிட்டன. மேல்மாடியைப் பார்த்ததும் சட்டென்று பிடிபட்டது. ஜன்னல் வளைவும் கூரையோரச் செங்கல் வேலையும் படத்தில் இருந்தபடியே இருந்தன. அன்றிலிருந்து எந்த அமெரிக்க ஊருக்குப் போனாலும் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறேன். மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

அப்புறம்தான் பழைய தடிப் புத்தகங்களின் பக்கம் போனேன். அமெரிக்காவின் நூற்றாண்டு விழா ஆண்டான 1876ல், ஒவ்வொரு ஊரும் கவுன்ட்டியும் தன் வரலாற்றை எழுதி ஜூலை 4 அன்று வாசிக்க வேண்டும், ஒரு பிரதியை காங்கிரஸ் நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அந்நாட்டு காங்கிரஸ் கேட்டுக்கொண்டது. அதை ஒட்டிக் கவுன்ட்டி வரலாறு ஒரு வியாபாரமாகவே சூடுபிடித்தது. ஏஜெண்டுகள் பண்ணை பண்ணையாகப் போய் முன்பணம் வாங்குவார்கள். பணம் கட்டியவரின் வாழ்க்கைக் குறிப்பு உள்ளே வரும், கூடுதலாகக் கட்டினால் படமும் வரும். இவற்றுக்கு 'மக் புக்' என்று கிண்டல் பெயர் உண்டு, மக் என்றால் மூஞ்சி. நம் ஊர்க் கும்பாபிஷேக மலரைப் புரட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கொடுத்தவர் எல்லோரும் உத்தமர், உழைப்பாளி, ஊருக்கு நல்லவர். மனைவிக்கு ஒரு வாக்கியம், கூலியாளுக்கு அதுவும் கிடையாது.

இருந்தாலும் இவற்றைத் தள்ளிவிட முடியாது. 1890 மக்கள்தொகைக் கணக்கேட்டில் பெரும்பகுதி 1921ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தோடு போய்விட்டது. அந்தக் காலத்து ஆட்களைத் தேடும்போது பணம் வாங்கிக்கொண்டு எழுதிய புகழுரைகூடக் கை கொடுக்கும்.

எங்கள் கவுன்ட்டிக்கு ரிச்மண்டும் வாலெட்டும் எழுதிய 1857 புத்தகம் இருக்கிறது, சிகாகோவில் வரைபடம் அச்சிட்டுவந்த ரூஃபஸ் பிளாஞ்சர்டின் 1882 புத்தகமும் இருக்கிறது. என் கேள்விக்கு விடை இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில் இருந்தது. ஜோசப் நேப்பர் வந்து குடியேறியது 1831ல். 1839ல் குக் கவுன்ட்டியிலிருந்து டூபேஜ் பிரிந்தபோது நேப்பர்வில்தான் தலைநகர். ஆனால் சிகாகோவிலிருந்து மேற்கே வந்த முதல் ரயில், நிலம் கொடுத்த வீட்டன் சகோதரர்களின் ஊர் வழியாகப் போனது. நேப்பர்வில்லுக்கு ரயில் வர 1864 ஆயிற்று. 1867 வாக்கெடுப்பில் வீட்டன் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தது. நேப்பர்வில் ஆவணங்களைத் தர மறுத்தது. 1868 ஜூலையில் ஓர் இரவு வீட்டன் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, கோர்ட்டுக்குள் புகுந்து பதிவேடுகளை அள்ளிப் போனார்கள். விட்டுப்போன மிச்சத்தை நேப்பர்வில்காரர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று சிகாகோவுக்கு அனுப்பினார்கள். 1871ல் சிகாகோவே பற்றி எரிந்தது, பத்திரமும் போனது.

இந்தக் கதையை நேப்பர்வில்காரர் சொன்னால் திருட்டு, வீட்டன்காரர் சொன்னால் தேர்தல் தீர்ப்பை நிறைவேற்றியது. அதனால் நான் ஓர் ஊரின் புத்தகத்தைப் பக்கத்து ஊரின் புத்தகம் இல்லாமல் வாங்குவதில்லை. அதுவும் எல்லாவற்றுக்கும் உதவாது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான பொட்டவாட்டமி மக்கள் விஷயத்தில் இரண்டு ஊரும் ஒரே கட்சி. 1833 சிகாகோ உடன்படிக்கையில் அவர்கள் நிலத்தை இழந்து மேற்கே அனுப்பப்பட்டார்கள். நான் வாசித்த பழைய புத்தகங்களில் அது ஏதோ பருவம் மாறியதுபோல் கடந்துபோகிறது. அதற்கு வேறு புத்தகங்களைத்தான் தேட வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களின் மறுபதிப்பை யோசிக்காமல் ஆர்டர் செய்யாதீர்கள். நான் நாற்பது டாலருக்கு வேறொரு கவுன்ட்டியின் புத்தகம் வாங்கினேன். மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரிக்காமலேயே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஆற்றின் பாதியும் மடிப்பின் நிழலும் அச்சாகி வந்திருந்தன. ஒரு பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல். இதே புத்தகங்கள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பல நேரம் இரண்டு மூன்று பிரதிகளாக. ஒன்றில் வரைபடம் மங்கலாக இருந்தால் அடுத்ததில் தெளிவாக இருக்கும். ஆனால் அங்கே பெயரைத் தட்டித் தேடுவதை மட்டும் நம்பாதீர்கள். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும். பழைய புத்தகங்கள் பலவற்றில் பெயரகராதியும் இருக்காது. உள்ளூர் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டியில் யாராவது உட்கார்ந்து ஒன்று தயாரித்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள்.

படப் புத்தகங்களைப் பழைய புத்தகமாகவே வாங்குகிறேன். காசு மிச்சம் என்பது பாதிக் காரணம்தான். பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றி மூன்று டாலருக்கு வாங்கியதில், ஒரு கடைத்தெருப் படத்தின் அடியில் 'வடக்கு நோக்கி' என்று அச்சாகியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் அதை அடித்து, 'தெற்கு. என் மாமா கடை இடது பக்கம்' என்று எழுதியிருந்தார். ஒரு சனிக்கிழமை அங்கே போய் நின்று பார்த்தேன். பென்சில்தான் சரி.