பிசிஓஎஸ் இருக்கும்போது எடை குறைக்க எந்த வழி? எவ்வளவு குறையும், விட்டால் என்ன ஆகும்?

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) என்று தெரிந்ததும் கிடைக்கிற முதல் அறிவுரை 'எடையைக் குறைங்க' என்பதுதான். எப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கீட்டோ என்பார் ஒருவர், ஓடு என்பார் இன்னொருவர். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் போதும் என்பவரும் உண்டு, இனோசிட்டால் என்ற சத்துப் பவுடரைக் கையில் திணிப்பவரும் உண்டு. இப்போது வாரம் ஒருமுறை போடும் ஊசியும் சேர்ந்துகொண்டது. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை கிலோ குறையும் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பிசிஓஎஸ் ஆறு மாதத்தில் கணக்கு முடிகிற விஷயம் இல்லையே. அதனால் ஒவ்வொரு வழியிடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: எவ்வளவு தரும்? நிறுத்தினால் என்ன ஆகும்? என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம்.

முதலில் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ஈடுகட்டுவதற்காகக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோனைக் கூட்டுகிறது. ரத்தத்தில் ஆண்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்யும்படியும் ஆக்குகிறது. பிடியில்லாத ஆண்ட்ரோஜன் கூடினால் பரு, முகத்தில் முடி, கருமுட்டை வெளிவராமை, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் வரிசையாக வரும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பை இன்னும் ஏற்றிவிடும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும். அவர்களுக்கு இருக்கிற எடையைக் குறைக்கச் சொல்வதில் பொருளில்லை. ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எடை கூடுதலாக உள்ளவருக்கு இலக்கு எவ்வளவு? உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குபடத் தொடங்குகிறது, இன்சுலின் அளவும் இறங்குகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. கல்லூரி நாள் எடைக்குத் திரும்பினால்தான் பலன் என்று நினைத்து ஒப்பிட்டால், சாதாரண வழிகள் எல்லாம் தோற்றுப்போனவையாகத் தெரியும். 5 சதவீதத்தை அளவுகோலாக வைத்தால் பட்டியலின் வரிசையே மாறிவிடும்.

மாவுச்சத்தைக் குறைப்பதா, மொத்தக் கலோரியைக் குறைப்பதா?

கீட்டோ ஆதரவாளர்களின் வாதம் கேட்பதற்குப் பலமானது. பிரச்சினை இன்சுலின், இன்சுலினை அதிகம் தூண்டுவது மாவுச்சத்து, ஆகவே அதை வெட்டு. முதல் இரண்டு வாரம் தராசும் அவர்கள் பக்கம்தான் நிற்கும். ஆனால் அந்த ஆரம்ப இறக்கத்தில் கணிசமான பங்கு தண்ணீர். உடலில் கிளைக்கோஜனாகச் சேமித்த மாவுச்சத்து தன்னோடு நிறையத் தண்ணீரையும் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும். மாவுச்சத்து திரும்பினால் தண்ணீரும் திரும்பும். 'ஒரு நாள் சாப்பிட்டேன், 2 கிலோ ஏறிட்டேன்' என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தால்? 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரில் ஒரு பாதியினர் கொழுப்பைக் குறைத்தும் மறுபாதியினர் மாவுச்சத்தைக் குறைத்தும் சாப்பிட்டார்கள். 12 மாத முடிவில் முதல் குழு சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவது குழு 6 கிலோ குறைந்திருந்தது. பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம்தான் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. தொடக்கத்தில் இன்சுலின் அதிகம் சுரந்தவர்களுக்குக் குறைந்த மாவுச்சத்து கூடுதலாகக் கைகொடுக்கும் என்ற எதிர்பார்ப்பும் அதில் மெய்ப்படவில்லை. அது பிசிஓஎஸ் ஆய்வு அல்ல. ஆனால் 2023-இல் வெளியான பிசிஓஎஸ் சர்வதேச வழிகாட்டியும் அதே இடத்துக்குத்தான் வருகிறது: எந்த உணவுமுறையும் இன்னொன்றைவிட மேலானது என்று சொல்லச் சான்று இல்லை.

அப்படியானால் எதை எடுப்பது? பசி அடங்குகிற உணவுமுறைதான் என் தேர்வு. ஒவ்வொரு வேளையும் புரதம் போதுமான அளவு, நார்ச்சத்து நிறைய, சர்க்கரையை மெல்ல ஏற்றுகிற மாவுச்சத்து அளவாக. இதை மிதமான மாவுச்சத்து முறை என்றும் சொல்லலாம், கலோரி குறைப்பு என்றும் சொல்லலாம். கீட்டோவில் பசியே தெரியவில்லை, ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு அளவும் கெடவில்லை என்றால் தொடர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கட்டுப்பாடு, மீறல், குற்றவுணர்வு, மீண்டும் கடுமையான கட்டுப்பாடு என்று சுற்றுகிறவர் அதை விட்டுவிடுவது நல்லது. பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் உணவு சார்ந்த மனச்சிக்கல்கள் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகின்றன. தடைப்பட்டியல் நீள நீள அது கூடும். பாலை நிறுத்து, கோதுமையிலுள்ள குளூட்டனை நிறுத்து என்ற பொது ஆணைகளையும், ஒவ்வாமை இல்லாதவர் கண்டுகொள்ளத் தேவையில்லை.

இடைவெளி விட்டு உண்ணும் விரதமுறை, கலோரியைக் குறைக்க ஒரு எளிய ஏற்பாடு. சிலருக்குப் பொருந்தும். அதற்கு மேல் மந்திரம் எதுவும் இல்லை.

கார்டியோவா, பளு தூக்குவதா?

உடற்பயிற்சி மட்டும் செய்து எடை குறைக்க முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் எடை ஒரு கிலோகூட இறங்காமலேயே இன்சுலின் வேலை செய்யும் விதத்தை அது சீராக்கும். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவியில்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இந்தப் பட்டியலில் மருந்தில்லாமலும் தராசைத் தொடாமலும் நோயின் வேரைத் தொடுகிற வழி இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

அளவு என்னவென்றால், ஆரோக்கியத்துக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சி. எடையும் குறைய வேண்டுமென்றால் மிதமானதாக 250 நிமிடமாவது தேவை. இவற்றோடு வாரத்தில் 2 நாள் தசை வலுப் பயிற்சி. 'பிசிஓஎஸ் இருந்தால் கடும் பயிற்சி கூடாது, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறி எடை போடும்' என்று ஒரு பேச்சு வேகமாகப் பரவியிருக்கிறது. நம்ப வேண்டாம். மூச்சு வாங்கும் பயிற்சியால் இதயத் திறன் கூடுவதையும் இன்சுலின் எதிர்ப்பு குறைவதையுமே ஆய்வுகள் காட்டுகின்றன. கார்டியோவா பளுவா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியுமென்றால், உணவைக் குறைத்துக்கொண்டிருப்பவருக்குப் பளு தூக்குவதைச் சொல்வேன். குறைகிற எடையில் தசையும் சேர்ந்து போகாமல் அது காக்கும். நிறுத்தினால்? சில வாரங்களிலேயே இன்சுலின் சார்ந்த பலன் மங்கிவிடும். பிடிக்காத பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஆபத்து அதுதான்.

மெட்ஃபார்மினா, இனோசிட்டாலா?

மெட்ஃபார்மின் எடை குறைக்கும் மருந்து என்று நம்பி எடுப்பவர்கள் அதைத் திட்டிக்கொண்டே நிறுத்துகிறார்கள். அதன் வேலை வேறு: கல்லீரல் தேவையில்லாமல் குளுக்கோஸை வெளியே தள்ளுவதைக் குறைப்பது. நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த ஒப்பீட்டுக்கு நல்ல அளவுகோல். உணவையும் நடையையும் தீவிரமாக மாற்றியவர்கள் சராசரியாக 5.6 கிலோ குறைந்தார்கள். மெட்ஃபார்மின் எடுத்தவர்கள் 2.1 கிலோ. நீரிழிவு வரும் வாய்ப்பு முதல் குழுவில் 58 சதவீதமும் இரண்டாவது குழுவில் 31 சதவீதமும் குறைந்தது. மருந்தின் பலன் தராசில் தெரிந்ததைவிட ரத்தத்தில் அதிகம் தெரிந்தது.

வயிற்றுப்போக்கும் குமட்டலும் இதன் பேர்போன தொல்லைகள். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால், உணவோடு சேர்த்து எடுத்தால், மெதுவாகக் கரையும் வகையை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் பலரும் தாங்கிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: நின்றுபோயிருந்த கருமுட்டை வெளியேற்றம் திரும்பலாம். குழந்தை இப்போது வேண்டாம் என்பவர் 'எனக்குத்தான் பீரியட்ஸே வராதே' என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

இனோசிட்டால் மருந்துச் சீட்டில்லாமல் கிடைப்பதாலேயே பாதி நம்பிக்கையை வென்றுவிட்டது. பக்கவிளைவு குறைவு என்பது உண்மை. சிலருக்கு ஹார்மோன் அளவுகளில் சிறு முன்னேற்றம் தரலாம். எடையைப் பொறுத்தவரை சொல்லும்படியாக எதுவும் இல்லை. மயோ, டி-கைரோ என்ற அதன் இரு வகைகளும் 40-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதைப் பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிடுகிறார்கள். சர்வதேச வழிகாட்டி எந்தக் குறிப்பிட்ட அளவையும் சேர்க்கையையும் பரிந்துரைக்கவில்லை. வயிற்றுக் கொழுப்புக்கும் முகமுடிக்கும் இரண்டில் ஒன்று என்றால் மெட்ஃபார்மினையே அது முன்னால் வைக்கிறது.

வாராந்திர ஊசி

எத்தனை கிலோ என்ற ஒற்றைக் கேள்வியில், அறுவை சிகிச்சையை விட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றையும் ஊசி தூக்கிச் சாப்பிட்டுவிடும். செமாக்ளூடைட் என்ற ஊசிமருந்து 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இன்னொரு ஊசிமருந்தான டிர்செபடைட் 15 மி.கி. அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். உடல் பருமன் உள்ளவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் இவை. பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் நடந்தவை சிறியவை, குறுகிய காலத்தவை. ஆனாலும் எடை இந்த அளவுக்கு இறங்கும்போது மாதவிடாயும் ஆண்ட்ரோஜனும் சீராவது எதிர்பார்க்கக்கூடியதே.

வேலை செய்யும் விதம் எளிது. சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல நடித்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளையில் பசியை அடக்குகிறது. நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு நின்றுபோனதாகப் பலர் சொல்கிறார்கள். மனவலிமை இல்லாததுதான் பருமனுக்குக் காரணம் என்று உபதேசித்தவர்கள் இதை ஒருமுறை காது கொடுத்துக் கேட்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. செமாக்ளூடைட் ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. ஆக, இதை ஆறு மாதத் திட்டமாக எடுப்பதில் அர்த்தமில்லை. பல ஆண்டு தொடர முடியுமா, செலவைத் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். பசியில்லாத மாதங்களில் புரதமும் பளுப்பயிற்சியும் விட்டுப்போனால் கொழுப்போடு தசையும் கரையும். பிறகு எடை திரும்பும்போது தசை அதே அளவில் திரும்பாது.

கர்ப்ப விஷயம்தான் பிசிஓஎஸ் உள்ளவர்கள் தவறவிடக்கூடாதது. கர்ப்ப காலத்தில் இந்த ஊசிகள் கூடாது. செமாக்ளூடைட்டைக் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட், விழுங்கும் கருத்தடை மாத்திரையின் செயலைக் குறைக்கலாம். தொடங்கிய பின்பும் ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பின்பும் 4 வாரத்துக்கு வேறொரு தடுப்புமுறை தேவை. எடை குறைந்து கருமுட்டை வெளிவரத் தொடங்கும் நேரமும் அதே நேரம் என்பதை மறக்கக் கூடாது. மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தவர்கள் இதன் பக்கம் போகவே கூடாது.

இரைப்பையின் கொள்ளளவைக் குறைக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) மிக அதிகமாக இருப்பவருக்கான வழி. 25 முதல் 30 சதவீத எடை குறையும், பெரும்பகுதி பல ஆண்டு நிலைக்கும். வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரைகள், குறைந்தது ஓராண்டு கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது ஆகியவை அதன் விலை.

கருத்தடை மாத்திரையை இந்தப் போட்டியில் சேர்ப்பது பொருந்தாது. அது எடையைக் குறைக்காது. மாதவிடாயை வரவைத்து, முடி, பருவைக் கட்டுப்படுத்தி, கருப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போகாமல் காக்கும். எந்த வழியில் எடை குறைத்தாலும், 90 நாள் தாண்டியும் மாதவிடாய் வரவில்லை என்றால் 'எடை குறைந்தால் தானாக வரும்' என்று உட்கார்ந்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்

இவருக்குப் போட்டியே வேறு: முதலில் எடையைக் குறைப்பதா, நேராகச் சிகிச்சைக்குப் போவதா? நெதர்லாந்தில் பருமனும் குழந்தைப்பேறின்மையும் உள்ள பெண்களிடம் இதைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். 6 மாதம் வாழ்க்கைமுறையை மாற்றிவிட்டுச் சிகிச்சைக்கு வந்தவர்களில், நிறைமாத சுகப்பிரசவத்தில் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள், உடனே சிகிச்சை தொடங்கியவர்களைவிட அதிகம் இல்லை. ஆனால் சிகிச்சையே இல்லாமல் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் முதல் குழுவில்தான் அதிகம். கருமுட்டை வெளிவராததே காரணம் என்றால் முதலில் தரப்படுவது, கருமுட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை. 750 பிசிஓஎஸ் பெண்களிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில் அதை எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, பழைய மருந்தான குளோமிஃபினில் 19.1 சதவீதம். 26 வயதில் இருப்பவர் ஆறு மாதம் எடைக்கு ஒதுக்கலாம். கர்ப்பகால நீரிழிவு, ரத்த அழுத்த அபாயமும் அதனால் குறையக்கூடும். 37 வயதில் இருப்பவரிடம் '10 கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்' என்று சொல்லி அனுப்பினால், இரண்டையும் சேர்த்தே தொடங்க முடியாதா என்று அவர் அங்கேயே கேட்டுவிடலாம்.