இரண்டு ஆசிரியர் பள்ளியா, ஐந்து ஆசிரியர் பள்ளியா?

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: தெருமுனையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒன்றிய நடுநிலைப் பள்ளி, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு தனியார் பள்ளி. நடுநிலைப் பள்ளியில் சேர்த்தோம். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

காலை உணவு, சத்துணவு, புத்தகம், சீருடை எல்லாம் இரண்டு அரசுப் பள்ளிகளிலும் ஒன்றுதான். தனியார் ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். வேன் செலவு நம் தலையில். எட்டாம் வகுப்போடு அந்தச் சலுகையும் முடிந்துவிடும். மத்திய அரசின் நிதி வராமல் 2025-இல் இந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்தது. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு அதுவரை காத்திருக்க எத்தனை பேரால் முடியும்?

அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்குமே என்பார்கள். அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததுதான் கணக்கு. ஒன்றாம் வகுப்புக்கு அது ஒரு காரணமே அல்ல.

என் முடிவைத் தீர்மானித்தது ஆசிரியர் எண்ணிக்கை. சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். 61 ஆனால் மூன்றாமவர், 91 ஆனால் நான்காமவர். 121 பேர் இருந்தால்தான் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். தெருமுனைப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இருவர். அவர்களில் ஒருவர் தலைமை ஆசிரியர். எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றும் பதிவும் கூட்டங்களும் பெரும்பாலும் அவர் பொறுப்பு. மற்றவர் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புக்கும் இவர் ஒருவரே. தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவும் எண்ணறிவும் வளர்க்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து நடத்தச் சொல்கிறார்கள். நல்ல முறைதான், ஆனால் அது ஆள் கேட்கும் முறை.

பணமும் தலை எண்ணித்தான் வருகிறது. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. சுண்ணாம்பு அடிக்கவும் குழாய் மாற்றவும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தால், உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றும் பணி நிரவலில் ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போவார். ஆசிரியர் போனால் இன்னும் நாலு பிள்ளைகள் விலகுவார்கள். எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு தலை குறைந்தது என்பதை மறைக்கவில்லை.

நடுநிலைப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். மகள் எங்கே தடுமாறுகிறாள் என்று கேட்டால், "கடன் வாங்கிக் கழித்தலில்" என்று நோட்டைப் பார்க்காமலே சொல்கிறார். எனக்கு இதுதான் தேர்ச்சி விழுக்காட்டைவிடப் பெரியது. 2024 பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 91.55, அரசுப் பள்ளிகளில் 87.90. வடிகட்டிச் சேர்க்கும் பள்ளிகளையும் வந்தவரையெல்லாம் சேர்க்கும் பள்ளிகளையும் ஒரே தட்டில் வைத்த கணக்கு அது.

ஆறு முதல் எட்டு வரை இந்தப் பள்ளி எப்படி என்று சொல்ல எனக்கு இன்னும் அனுபவம் இல்லை. அங்கே அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் வேண்டும். ஒரு பணியிடம் காலியானாலும் அடிபடும். தெருமுனைப் பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களும் ஈடுபாட்டோடு இருந்து, பிள்ளைகள் இருபதுக்குள் இருந்தால் என் கணக்கு மாறக்கூடும்.

சேர்க்கும் முன் தலைமை ஆசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: போன ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைகள், இந்த ஆண்டு எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறுகிறார்கள். கழித்துப் பார்த்து 60-ஐ ஒட்டி நின்றால், மூன்றாவது ஆசிரியர் நிற்பாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.