பட்டுத் தறி போட்டுத் தருகிறோம் என்று வருகிறார்கள்: எடை போடாமல் நூல் வாங்காதீர்கள்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மகளிர் குழுக்களைத் தேடி ஏஜென்டுகள் வந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டிலேயே பட்டுத் தறி, பயிற்சி இலவசம், நூல் அவர்களுடையது, நெய்த சேலையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. தறிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, "கையெழுத்து மட்டும் போடுங்க ஆச்சி, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று வெற்றுப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். சில மாதம் நெய்த பெண்களின் நோட்டில் கூலி இருக்க வேண்டிய இடத்தில் கடன் பாக்கி நிற்கிறது. சேலைக்குச் சேலை "நூல் குறைவு" என்று பிடித்தம். நூலைத் திருடிவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு வேறு. உழைத்தவர்களைத் திருடிகளாக்குவது அநியாயம். அவர்கள் ஒரு இழைகூட எடுக்கவில்லை. நூல் கொடுக்கும்போதே குறைவும் சேர்ந்து வந்துவிடுகிறது.

பட்டு ஈரத்தை உறிஞ்சும். தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரம் ஏறினாலும் கைக்கு நனைந்த மாதிரியே தெரியாது. 100 கிராம் காய்ந்த பட்டுக்கு 11 கிராம் ஈரம் என்பது வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட அளவு. அது 20 கிராமாக ஏறியிருந்தால், ஒரு கிலோ என்று வாங்கிய நூல் காய்ந்து சரியான அளவுக்கு வரும்போது 925 கிராம்தான் இருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் இன்னும் குறையும். கிலோ 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், அந்த 75 கிராமுக்கு 375 ரூபாய் கூலியில் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை கச்சாப் பட்டில். அதன் எடையில் 20 முதல் 25 சதவீதம் பசை. சாயம் ஏற்றும் முன் சோப்பு நீரில் காய்ச்சிப் பசையை எடுத்துவிடுவார்கள். ஒரு கிலோ கச்சா நூல் 750, 800 கிராமாகத் திரும்பும். நோட்டில் கச்சா எடையை எழுதிவிட்டு, கையில் சாய நூலைக் கொடுத்தால் கால் கிலோ வரை உங்கள் தலையில் விழும். ஜரிகையிலும் பாருங்கள்: ஜரிகையை நிறுக்கும் அளவான ஒரு மார்க் 242 கிராம். அதை 250 என்று எழுதுகிறார்கள்.

அதனால் நூல் வந்த அன்றே கணக்கில் ஏற்றாதீர்கள். சிட்டங்களை (நூல் கட்டுகளை) பிரித்து ஒரு நாள் நிழலில் உலர்த்தி, கிராம் காட்டும் எலெக்ட்ரானிக் தராசில் ஏஜென்ட் முன்னிலையில் நிறுத்து, தராசு எண் தெரிய போட்டோ எடுங்கள். அந்த எடைக்கே இரண்டு பேரும் கையெழுத்து. அறுந்த இழை, பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை) மிச்சம், தார்க்கழிவு (குறுக்கு இழை சுற்றிய குழலில் மிஞ்சும் நூல்) எதையும் குப்பையில் போடாமல் ஒரு பையில் சேர்த்துச் சேலையோடு நிறுத்துக் கொடுங்கள்.

பாவின் நீளமும் முக்கியம். ரவிக்கையோடு 6.20 மீட்டர் வீதம் மூன்று சேலைக்கு 18.60 மீட்டர். நெய்யும்போது பாவு மூன்று நான்கு சதவீதம் சுருங்கும், கடைசியில் முக்கால் மீட்டர் நெய்ய முடியாமல் தறியில் நிற்கும். ஆக 20 மீட்டர் வேண்டும். 19 மீட்டர் பாவைக் கொடுத்து மூன்று முழுச் சேலை கேட்டால் மூன்றாவது சேலை கட்டாயம் குறையும். அதற்குப் பாதிக் கூலி என்பது பேசி வைத்த ஏமாற்று.

பழுது என்று கழிப்பதிலும் யார் தவறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தார் மாறின இடத்தில் கரைக்குக் கரை நிறம் மாறி ஒரு பட்டை விழுந்தால், நூல் வேறு வேறு சாயத் தொட்டியிலிருந்து வந்தது என்று பொருள். அது நூல் கொடுத்தவர் பொறுப்பு. நீளவாக்கில் கோடு போல இழை விட்டிருந்தால், அறுந்த பாவு இழையைப் பிணைக்காமல் நெய்தது. அது நெய்தவர் பொறுப்பு. ஒவ்வொரு முறை நூல் வரும்போதும் ஒரு விரல் நீள இழையை வெட்டி, தேதி எழுதி நோட்டில் ஒட்டி வைத்தால் நிறத்தைப் பற்றி வாய்ச்சண்டை வராது.

"காரைக்குடி கண்டாங்கி, புவிசார் குறியீடு இருக்கிறது, பட்டில் நெய்தால் கூடுதல் விலை" என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். கண்டாங்கி பருத்தியால் பெயர் பெற்ற சேலை. 2019-இல் கிடைத்த குறியீட்டைக் காட்டி எவரோ விற்கும் பட்டுக்கு உங்கள் கூலி உயராது.

தறிக்குப் பெரிய முன்பணம் தரும் முன் கைத்தறித் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். ஹத்கர்கா சம்வர்தன் சஹாயதா திட்டத்தில் தறி, உபகரண விலையில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது, நெசவாளர் பங்கு 10 சதவீதம். நெசவாளர் அடையாள அட்டை இருக்கிறவர்கள் அதையும் கொண்டு போங்கள்.

ஏற்கெனவே வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், அதைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். நோட்டு, எடை போட்டோ, இழை மாதிரி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.