வவுச்சர், சார்ட்டர், அரசுப் பள்ளி: எதுல புள்ளைக்கு இடம் உறுதி?

அரசுக் கல்வியைத் தனியார்கிட்ட விடுறதப் பத்திப் பேசும்போது வவுச்சரையும் சார்ட்டரையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. வவுச்சர்னா புள்ள எந்தப் பள்ளிக்கூடத்துல சேருதோ அரசுப் பணம் அங்க போயிடும், சார்ட்டர்னா பள்ளிக்கூடம் அரசுப் பணத்துலதான் ஓடும் ஆனா நடத்துறது ஒப்பந்தம் போட்ட வெளியாளு.

வவுச்சரை முழுசா செஞ்சு பாத்த நாடு சிலி, 1981ல ராணுவ சர்வாதிகாரி பினோச்சே ஆட்சியில. அப்புறம் மேல்கட்டணமும் வாங்கலாம்னு விட்டாங்க, சின்னப் புள்ளைக்கு டெஸ்ட்டு, அப்பா அம்மாவுக்கு இன்டர்வியூன்னு வடிகட்ட ஆரம்பிச்சுட்டாங்க. 2006லயும் 2011லயும் மாணவங்க தெருவுக்கு வந்து போராடின பிறகுதான், அரசுப் பணம் வாங்குற பள்ளி லாபம் பாக்கக்கூடாது, வடிகட்டக்கூடாதுன்னு 2015ல சட்டம் வந்துச்சு. அதுக்குள்ள ஒரு தலைமுறையே படிச்சு முடிச்சுருச்சு!

ஸ்வீடன் 1992ல வவுச்சரைக் கொஞ்சம் யோசிச்சு செஞ்சது, சில வருஷத்துல ஃபீஸ் வாங்கவே கூடாதுன்னும் ஆக்கிட்டாங்க. ஆனா லாபம் எடுக்கலாம், சேர்க்கைக்கு க்யூவும் வச்சுக்கலாம். புள்ள பொறந்த கையோட பேரைப் பதிஞ்சு வச்சவங்க முன்னாடி நிப்பாங்க, போன வருஷம் நாட்டுக்குள்ள வந்த குடும்பம் கடைசியில. 2013ல பெரிய பள்ளிக் கம்பெனி ஒண்ணு திவாலாகி, பசங்க வேற பள்ளிக்கூடம் தேட வேண்டியதாச்சு.

சார்ட்டர் அமெரிக்காவுல மினசோட்டாவுல 1991ல சட்டமானது. இடத்தை விட விண்ணப்பம் அதிகமானா குலுக்கல், அந்த வகையில வவுச்சரை விட நியாயம்னு நான் சொல்வேன். ஆனா குலுக்கல்ல பேரு இருக்கணும்னா யாராவது தேதிக்குள்ள ஃபார்ம் போட்டிருக்கணுமே, ரெண்டு ஷிஃப்ட் வேலை பாக்குற அம்மாவுக்கு அது தெரியுமா?

ரெண்டுலயும் எனக்கு வயிறு எரியிற விஷயம் பணக்கணக்கு. முப்பது பேர் கிளாஸ்ல மூணு பேர் போயிட்டா மூணு பேருக்கான பணமும் போயிடும், ஆனா டீச்சர் சம்பளம், கரன்ட் பில், ஒழுகுற கூரை எதுவும் பத்துல ஒரு பங்கு குறையாது. மிச்சம் இருபத்தேழு பேருக்கு லைப்ரரியோ இசை வகுப்போதான் முதல்ல போகும். அதைப் பாத்து இன்னும் நாலு பேர் கிளம்புவாங்க.

ஃபின்லாந்து வேற வழியில போச்சு, 1970கள்ல எல்லாருக்கும் ஒரே பொதுப்பள்ளி, டீச்சராகணும்னா முதுகலைப் பட்டம். அங்க தனியார் பள்ளி கொஞ்சம்தான், அதுவும் ஃபீஸ் இல்லாம.

அரசுப் பள்ளியில குறை நிறைய இருக்கு, நான் மறைக்கல. ஆனாலும் என் ஓட்டு அதுக்குத்தான். பாதி வருஷத்துல ஒரு புள்ள டீசியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா, க்யூவும் முடிஞ்சு குலுக்கலும் முடிஞ்ச நேரத்துல, உள்ள வான்னு பெஞ்ச்ல இடம் ஒதுக்கிக் குடுக்குற கடமை அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் இருக்கு.